வாடகையும் இல்லை வட்டியும் இல்லை

"நான்தான் உங்ககிட்ட வாடகையே வாங்கலியேம்மா, அப்புறம் எதுல கழிக்கறது?" என்று மெட்டில்டா டீச்சர் கேட்டபோது, அவர் கையில் எனக்காகப் போட்ட டீ இருந்தது. அந்த அம்மாளிடம் இருக்கிற பெரிய தொல்லையே அதுதான். சண்டைக்கென்று கிளம்பி, படியேறும்போதே நாலு வார்த்தையைக் கோத்து வைத்துக்கொண்டு போவேன். கதவைத் திறந்ததும், "உள்ள வாம்மா சாந்தா, என்ன குளிரு" என்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவார். ஒருவர் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவரை எப்படித் திட்டுவது? மூன்று மாதமாக நானும் திட்டாமலே இறங்கி வந்துகொண்டிருந்தேன். இறங்கி வந்த பிறகு வீட்டில் இருப்பவர்களைத் திட்டினேன்.

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் டீச்சருக்கு இரண்டு அடுக்கு வீடு. மேலே அவர் ஒற்றை ஆளாக இருந்தார். கீழே நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர் மயில்சாமி, பிளஸ் டூ படிக்கிற மகள் ஷண்முகப்ரியா. எங்களுடையது லீஸ் வீடு. நாலு லட்ச ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் குடியிருக்கலாம். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. காலி செய்கிற அன்று நாம் சாவியை மேசைமேல் வைக்க வேண்டும், அவர்கள் பணத்தை மேசைமேல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். சாவி நம் கையில் இருக்கிற வரைக்கும் பணம் நம்முடையது. பணம் வராமல் சாவியைக் கொடுத்தவர் ஏமாளி. லீஸ் வீட்டில் இருக்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச்சுவர் சரிந்து, மேட்டு மண் மொத்தமும் எங்கள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தர், வேலையில் இருந்தேன். மயில்சாமி தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர், அவரும் வேலையில். மகள் பள்ளியில். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரிட்ஜ், கிரைண்டர், தீபாவளிக்கு வாங்கின குக்கர் எல்லாம் மண்ணுக்குள். வி.ஏ.ஓ. வந்து பார்த்தார். சுவரைக் கட்டி முடிக்கிற வரை கீழ் வீட்டில் யாரும் படுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"ஒரே மாசந்தான் சாந்தா. செவுரு ஏறினதும் வந்துரலாம்" என்றார் டீச்சர்.

குன்னூரிலேயே பெட்ஃபோர்டில் இரண்டு அறை கிடைத்தது. மாதம் எட்டாயிரம். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் முன்வீட்டுக்காரர்களின் செருப்புகளைத் தாண்டிப் போக வேண்டும். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். மகள் ஒரு மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள். இன்னொரு மூலையில் நான் சமைத்தேன். அவள் புத்தகத்தில் எல்லாம் தாளிப்பு வாசனை. தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியை இங்கே கொண்டுவந்தோம். பீரோவையும் கட்டிலையும் சாமி படத்தையும் வேண்டுமென்றே பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு, என் சொந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். பொருள் உள்ளே இருந்தால்தான் நாம் காலி செய்யவில்லை என்று அர்த்தம்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சுவர் யாருடையது? அதை நான் போய்த் தள்ளவில்லை. நாலு லட்சம் கொடுத்து வைத்திருக்கிற வீட்டில் என்னால் படுக்க முடியவில்லை என்றால், நான் படுத்திருக்கிற இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது? எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் மாதம் எட்டாயிரம் போனால் மிச்சம் நிற்பது இல்லை. மகளுக்கு ஜூனில் கல்லூரி. இப்படியே போனால் அவளை எதில் சேர்ப்பது? இதைத்தான் டீச்சரிடம் கேட்டேன். அதற்குத்தான் அந்த டீயும் அந்தப் பதிலும்.

"என்ற நாலு லட்சம் உங்ககிட்ட வட்டியில்லாமத்தானுங்க டீச்சர் கெடக்குது. அதுதானுங்க வாடகை" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

அதோடு சரி. அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை நகர்த்தினார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசினாலாவது மேலே பேசலாம்.

அந்த நாலு லட்சம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த அதே வாரம் அது அவர் மகன் டெனினோடு கனடாவுக்குப் போய்விட்டது. அவருக்குப் பென்ஷனும் கிடையாது. ஆயுசு முழுக்கத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்தினவர். சுவருக்குக் கல்லும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். மலையில் ஜேசிபியை இறக்க அனுமதி வாங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும் என்பதால் மண்ணைக் கூடையில்தான் அள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெட்ஃபோர்டு வீட்டுக்காரர் ஒன்றாம் தேதி வந்து நிற்கிறபோது டெனினின் கதையைச் சொன்னால் கேட்பாரா?

இதற்கு நடுவில் காரமடையிலிருந்து கருப்புசாமி போன் செய்தார்.

காரமடையில் என் அப்பா கட்டின வீடு ஒன்று எனக்கு உண்டு. அதில் கருப்புசாமி, கோகிலவாணி என்று ஒரு குடும்பம், ஒரு சின்னக் குழந்தையோடு இருக்கிறது. அதுவும் லீஸ்தான். அவர்களிடம் வாங்கின நாலு லட்சத்தைத்தான் ஒரு மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு குன்னூர் வந்து டீச்சர் கையில் கொடுத்தேன். அப்போது அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். மயில்சாமியிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிக்காட்டியும் இருக்கிறேன்.

"ஏனுங்கக்கா, மேல சீலிங்ல வெடிப்பு உட்டிருக்குதுங்க" என்றார் கருப்புசாமி. "கொழந்த படுக்கற கட்டலுக்கு நேரா இருக்குது. அதான் ஒரு வார்த்த சொல்லிப்போடலாம்னு."

"இங்க எங்க ஊடே மண்ணுக்குள்ள கெடக்குதுங்க கருப்புசாமி. பொங்கல் கழியட்டும், பாக்கலாங்க" என்றேன்.

"சரிங்கக்கா" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்.

பொங்கல் கழிந்து வந்த திங்கட்கிழமை, டீச்சர் எப்படியோ யாரிடமோ கைமாற்று வாங்கி மேஸ்திரி எல்லப்பனை வரச் சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். போன் வந்தது. ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு ஆட்டோவில் ஓட்டுப்பட்டறைக்குப் போனேன். எல்லப்பன் ஆறு ஆட்களோடு நின்றிருந்தார். கூடைகளை வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"சாவியக் குடுத்தீங்கன்னா இன்னைக்கே மண்ண எடுத்துருவோங்கம்மா. சமையல் ரூமு வழியாத்தான் வெளிய கொண்டாரோணும்" என்றார்.

சாவி என் கைப்பைக்குள் இருந்தது. பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். எடுக்க மனம் வரவில்லை. கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துக் கேட்பது?

"டீச்சர் எழுதிக் குடுக்கட்டுங்க. பெட்ஃபோர்டு வாடகைய நான் தர்றேன்னு ஒரு வரி. உடனே சாவியத் தந்தர்றேன்" என்றேன்.

டீச்சர் மேல் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சாந்தா, மேஸ்திரி நிக்கறாரும்மா" என்றார். எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எல்லப்பன் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த பீடி தீர்ந்ததும் இன்னொன்றைப் பற்றவைத்தார். பத்தரை மணிக்கு, "ஆறு பேருக்கு ஒரு நாள் கூலி நானாங்க குடுக்கறது? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுப்போட்டுச் சொல்லுங்க" என்று கூடைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே சீசனுக்குத் தயாராகிற ஒரு காட்டேஜில் வேலை எடுத்துவிட்டார். இனி மார்ச்சில்தான் வர முடியும் என்று சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் மயில்சாமி மெதுவாகச் சொன்னார்: "சாவியக் குடுத்திருக்கலாம் சாந்தா. மண்ண அள்ளறதுக்குத்தான கேட்டாங்க."

"குடுத்துப்போட்டு? நாளைக்கு அவங்க வேற பூட்டு போட்டுட்டா நீங்க போயி வாங்கியாருவீங்களா?"

டீச்சர் பூட்டை மாற்றுகிற ஆள் இல்லை. எனக்கும் தெரியும், மயில்சாமிக்கும் தெரியும். டீச்சர் அறுபத்தேழு வயதில் ஒரு பல்பை மாற்றவே என் மகளைத்தான் கூப்பிடுவார். ஆனாலும் ஒருவர் லீஸ் வீட்டில் இருந்துகொண்டு சாவியைச் சும்மா தூக்கிக் கொடுத்தாராம் என்று எங்கேயாவது கேட்டதுண்டா? அந்த ஒரு காலையால் ஒன்றரை மாத வாடகை கூடுதலாகப் போனது. அதற்கும் சேர்த்து டீச்சரைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

பிப்ரவரி முதல் வாரத்தில் கருப்புசாமி மறுபடியும் போன் செய்தார். வெடிப்பு விட்டிருந்த இடத்தில் ஒரு கட்டி பெயர்ந்து கட்டில்மேல் விழுந்துவிட்டதாம். குழந்தை பால்வாடிக்குப் போயிருந்த நேரம். அவர்கள் அதே தெருவில் ஒரு லைன் வீட்டில் ஓர் அறை பிடித்துப் போய்விட்டார்களாம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.

"அந்த வாடகையுங்க அக்கா..." என்று இழுத்தார்.

"ஸ்கூல்ல ஆடிட் நடக்குதுங்க, நானே அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டேன். ஆடிட் போன வாரமே முடிந்திருந்தது.

மயில்சாமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அங்கயும் இதே கதைதான சாந்தா" என்றார்.

"அது வேறங்க. அது சீலிங்கு. இது செவுரு."

அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். பேசாமல் இருந்தே என்னை எரிச்சல்படுத்துகிற கலை அவருக்கு நன்றாக வரும்.

பிப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். முந்தின நாள் அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு ஒரு காகிதம் டைப் செய்து வைத்திருந்தேன். எழுத்து வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. 'பழுது பார்க்கும் காலத்தில் குடியிருப்பவர் வெளியில் தங்குவதற்கு ஆகும் வாடகையையும் வண்டிச் செலவையும் வீட்டின் உரிமையாளரே ஏற்க வேண்டும். குடியிருப்பவர் வாடகை செலுத்தவில்லை என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது' என்று இரண்டே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தேன். மேலே டீச்சரின் பெயர், அடியில் கையெழுத்துக்கு இடம். மனு எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாக எழுத மாட்டார்கள்.

டீச்சர் வழக்கம் போலக் கதவைத் திறந்தார், வழக்கம் போல அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

"டீ வேண்டாங்க டீச்சர்" என்றேன். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "நாங்க காலி பண்ணிக்கறோம். பணத்த வைங்க."

அவர் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். சாவியைத்தான் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் இதை ஏன் செய்யாமல் இருந்தேன் என்று தோன்றியது.

"எடும்மா. சாவிய எடு" என்றார்.

"பணம் வந்தாத்தானுங்க எடுப்பேன்."

அவர் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "பணம் இல்ல சாந்தா. டெனினுக்கு வேலை போயி ஏழு மாசம் ஆச்சு. போன்ல கேட்டா அழறான். அதனால நான் கேக்கறதில்ல." கையை நீட்டி, "அந்தக் காகிதத்தக் குடு" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி விரலை வரிக்கு அடியில் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கேக்கறது நியாயந்தாம்மா. மொதல் நாளே எனக்குத் தெரியும். நியாயம்னு சொல்லிட்டா குடுத்தாகணும். குடுக்க இல்ல. அதான் வாடகை வாங்கலை, வாடகை வாங்கலைன்னு சொல்லிட்டே இருந்துட்டேன்."

மூன்று மாதத்தில் நான் கேட்க நினைத்தது இந்த ஒரு வார்த்தைதான். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு கவரோடு வந்தார். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்த கவர். அதில் பதினாறாயிரம் இருந்தது. மே மாதம் முழுக்கத் தன் முன்னறை இரண்டையும் பெங்களூர்க் குடும்பம் ஒன்றுக்கு விட்டிருக்கிறாராம். அவர்கள் அனுப்பின அட்வான்ஸ். பெட்ஃபோர்டில் நாங்கள் கொடுத்த மூன்று மாதத்தில் இரண்டு மாதத்துக்கு இது சரியாகப் போகும். மிச்சத்தை லீஸ் முடியும்போது நாலு லட்சத்தோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"சமையல் ரூம்ல படுத்துக்கறேன். ஒரு மாசந்தானே."

"எழுதிக் குடுத்துருங்க டீச்சர். வாய்ப்பேச்சு வேண்டாங்க" என்றேன்.

மிச்சத் தொகையைப் பற்றி அடியில் ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நேரமா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போட்டு முடித்ததும், மேஸ்திரி வேலைக்காக மட்டுமே சாவியைக் கொடுக்கிறேன், காலி செய்யவில்லை என்று நானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எல்லப்பன் மார்ச் முதல் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இறங்கி வரும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், டீச்சரைப் பார்த்துப் பாவம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. மூன்று மாதம் படியேறினேன், ஜெயித்தேன். கவரைக் கைப்பைக்குள் அடியில் வைத்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்ஃபோர்டுக்கு நடந்தேன். வழியிலேயே ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன், மனசுக்குள். பழையதைவிடக் கொஞ்சம் பெரியது, நீல நிறம்.

வீட்டு வாசலில் ஒரு டாடா ஏஸ் நின்றது. வண்டி நிறையக் கழுவின கேரட் மூட்டைகள். கருப்புசாமி கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் ஏற்றுகிறவர். வாரத்தில் மூன்று நாள் குன்னூர் வழியாகத்தான் போவார். இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வீட்டுக்கு வந்ததில்லை.

உள்ளே அவரும் கோகிலவாணியும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மயில்சாமி டீ போட்டுக் கொடுத்திருந்தார். மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு பை கேரட், எங்களுக்காக.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்று எழுந்தார் கருப்புசாமி.

கோகிலவாணி கூடைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றின எதையோ எடுத்துக் கேரட் பைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். அரைச் செங்கல் அளவுக்கு ஒரு காங்கிரீட் கட்டி. ஒரு பக்கம் எங்கள் வீட்டு வெள்ளை. மறுபக்கம் கம்பித் துரு படிந்த பள்ளம்.

"தலகாணி மேல கெடந்துச்சுங்கக்கா" என்றாள்.

நான் அதைத் தொடவில்லை. அப்பா இருந்து பார்த்துப் பார்த்துப் போட்ட காங்கிரீட்.

"மேஸ்திரி பாத்துப்போட்டு, கம்பியே துருப்புடிச்சுப் போச்சுங்கறாருங்க" என்றார் கருப்புசாமி. "ரூமு முழுக்கக் கொத்தி எடுத்துப் பூசோணுமாம். ஒண்ணரை மாசம் ஆகுமாங்க. அது வரைக்கும் லைன் வீட்டு வாடகைய மட்டும் நீங்க பாத்துக்கிட்டீங்கன்னா..."

"நான்தான் உங்ககிட்ட வாடகையே வாங்கறதில்லியேங்க, அப்புறம் எதுல..."

மீதி வாயிலேயே நின்றுவிட்டது. மயில்சாமி டீ டம்ளரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் மூன்று மாதமாக நான் இந்த வாக்கியத்தைப் பழித்துக்காட்டியதைத் தினமும் கேட்டவர்கள். கைப்பைக்குள் டீச்சர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அதில் இந்தக் காரணத்தைக் காட்டக் கூடாது என்று நானே டைப் செய்திருந்தேன்.

கருப்புசாமி நான் சொன்னதை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அதுவும் சரிதானுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வேட்டியில் ஒரு தடவை துடைத்து, அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்பப் பணத்தக் குடுத்துருங்கக்கா. நாங்க வேற ஊடு பாத்துக்கறோம். சண்டையெல்லாம் இல்லீங்க. கொழந்தைய வெச்சுக்கிட்டு அதுக்குள்ள படுக்க முடியாதுங்க."

அப்பா வாங்கின பூட்டின் சாவி. நாலு லட்சத்துக்கு நான் எங்கே போவேன்? அது டீச்சரிடம் இருக்கிறது என்று சொன்னால் அதுவும் பொய். டீச்சரிடமும் இல்லை, அந்தப் பையனிடமும் இல்லை. அவர்கள் காலி செய்துவிட்டால், சீலிங் விழுந்த வீட்டுக்கு அடுத்த லீஸுக்கு யார் வருவார்கள்? நான் இரண்டு வீட்டுக்கு நடுவில் நின்றேன். இரண்டிலும் படுக்க முடியாது.

"சாவிய எடுங்க" என்றேன். காலையில் டீச்சர் சொன்னதும் இதுதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் எடுக்கவில்லை. நானாவது பணம் வந்தால்தான் எடுப்பேன் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி, அன்றைய பொழுதை எப்படியாவது ஓட்டியிருப்பேன். மனிதர் கேரட் வேறு கொண்டுவந்திருக்கிறார். அதுவும் பிஞ்சுக் கேரட்டாகப் பொறுக்கி.

கைப்பையைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் கவரை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பதினாறாயிரம் இருக்குதுங்க. லைன் வீட்டு வாடகைக்கும் மேஸ்திரிக்கு அட்வான்ஸுக்கும் வெச்சுக்கங்க. வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க. மேக்கொண்டு ஆகறத நானே தர்றேன்."

"அம்மா, ஃபிரிட்ஜு?" என்றாள் மகள்.

"சும்மாரு கண்ணு" என்றார் மயில்சாமி.

கருப்புசாமி முதலில் சாவியை எடுத்தார். பிறகு கவரை எடுத்து, எண்ணிப் பார்க்காமல் அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணாமல் வைத்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நீங்கள் கேட்பது நியாயம்தான் என்று டீச்சர் சொன்ன மாதிரி நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

கோகிலவாணி காங்கிரீட் கட்டியைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள். எதற்கு அதைத் திரும்பக் கொண்டு போகிறாள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள், "மேக்கொண்டு தர்றத எழுதிக் குடுத்துருங்கக்கா" என்றாள். "வாய்ப்பேச்சா இருந்தா அப்புறம் ஆருக்கும் ஞாபகம் இருக்காதுங்க."

கருப்புசாமி அவளை அதட்டுவது போலப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். டீச்சரின் காகிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பார்த்து எழுதினேன். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் மெட்டில்டா என்று இருந்ததைச் சாந்தாமணி என்று என் முழுப் பெயராக எழுதினேன். குடியிருப்பவர் வாடகை செலுத்தவில்லை என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்ற வரியையும் விடாமல் எழுதினேன். நல்ல வாக்கியம்தான், யார் எழுதினது.

கையெழுத்துப் போடும் இடம் வந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வண்டியில் கேரட் வெயில் பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. மண்டிக்கு அவர்கள் நேரத்தோடு இறங்க வேண்டும். கருப்புசாமி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோகிலவாணி மட்டும், ஒரு கையெழுத்துக்கு இத்தனை நேரமா என்பது போல, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.